தெளிந்த வானத்துக்கு ஒரு சாட்சி போதாது

மாலத்தீவு
ஆகஸ்ட் 24

அன்புள்ள அயூப் அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் நிகத் அண்ணிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நானும் இவரும் சுகம். இவருக்குப் படி ஏறும்போது முழங்கால் வலிக்கும். இந்தத் தீவில் ஏறுவதற்குப் படியே இல்லாததால் அதுவும் தெரிவதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் வெளியேறி மூன்று வருடமாகிறது. போனில் பேசினாலோ, நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கத்திவிடுகிறோம். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதம் மாதிரி எழுதுகிறேன். கத்த நினைத்தாலும் தட்டி முடிப்பதற்குள் ஆறிவிடும் அல்லவா?

மறைமலை நகர் தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக எத்தனையோ பேரை மேய்த்தவர், இங்கே இரண்டு வருடமாக ஒரே ஒரு டீசல் ஜெனரேட்டர் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறார். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு நடக்கத் தொடங்கினால் தீவை முழுக்கச் சுற்றிவிட்டு, சூரியன் மறையும் மஃரிபுக்கு நிதானமாக வந்து சேரலாம். எங்கே நின்றாலும் கடல் தெரியும். சில நாள் காலையில் கதவைத் திறந்தால் கடல் நம்மைவிட உயரமாக இருப்பதுபோல் இருக்கும். இன்னும் பழகவில்லை.

ஜமாஅத்தில் எல்லோரும் நலமா? எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சபீஹா


பீர்க்கன்கரணை
செப்டம்பர் 2

சபீஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எனக்குக் காலையில் இருமல் உண்டு, மற்றபடி சுகம். நிகத் சுகம். உன் வீட்டுக்காரரின் முழங்காலுக்கு அல்லாஹ் ஷிஃபாவைக் கொடுக்கட்டும்.

எழுதலாம் என்கிறாய். சரி. நீ கேட்காமல் விட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலை, குவாரிக் கரையில் நின்று ரமலான் பிறையை என் கண்ணால் பார்த்தேன். நகத்தால் கீறியதுபோல், சிவப்பேறி, சற்று நேரம்தான். பள்ளிவாசலுக்கு ஓடினேன். சட்டம் உனக்குத் தெரியும். வானத்தில் மேகமோ தூசியோ புகையோ மறைப்பு இருந்தால், நம்பத் தகுந்த ஒரே ஒருவர் பார்த்தால் போதும், மறுநாள் நோன்பு. தெளிந்த வானமானால் ஒரு சாட்சி போதாது, பலர் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியவேண்டியது ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் அவன் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். நியாயமான சட்டம். அதன்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

இமாம் ஹஜ்ரத் என்னைத்தான் கேட்டார், "வானம் எப்படி இருந்துச்சு?" என்று. அப்போது ஜமாஅத் செயலாளராக இருந்த உன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஒரு பொட்டு மேகம் இல்ல ஹஜ்ரத். தெளிவான வானம். மச்சான் பார்த்தது குவாரி கிரேன் லைட்டா இருக்கும்."

பள்ளிவாசல் முழுக்கச் சிரிப்பு.

மேகம் இல்லை, ஆனால் தெளிவும் இல்லை என்றேன். கல்தூசி, லாரிப் புகை, குப்பை எரியும் புகை எல்லாம் சேர்ந்து மேற்கே ஒரு பழுப்புச் சுவரே நிற்கிறது, அது மறைப்புத்தானே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை வரி தவறாமல் சொல்வேன்: "புயல் வந்து தூசி கிளம்பினா மறைப்பு. எங்கயாவது தீப்பிடிச்சா மறைப்பு. இது தினமும் இப்படித்தானே மச்சான் இருக்கு? இதுதான் நம்ம வானம். எதுக்கும் கண்ணை ஒரு தடவ செக் பண்ணிக்கங்க."

மறுநாளே கண் டாக்டரிடம் போனேன். கடைசி வரிவரை படித்தேன். அன்று ஊரில் நான் மட்டும் நோன்பு, ஏனென்றால் பார்த்தவனுக்கு அது கடமை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த நம் ஜமாஅத் அசார், கிளாஸைத் தூக்கி, "வாங்கண்ணா, ஒரு டீ" என்றான்.

கிரேன் லைட்டைக்கூட மன்னித்துவிடலாம். "இதுதான் நம்ம வானம்" என்றதை மன்னிக்க முடியாது.

துஆவுடன்,
அயூப்


மாலத்தீவு
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். இருமலுக்கு மிளகு கஷாயம் வைத்துத் தரச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள். நாங்கள் சுகம்.

இங்கே காலையில் கரையில் குப்பை பொறுக்கப் பெண்கள் எல்லோரும் போவோம். நாங்கள் போட்ட குப்பை அல்ல, கடல் கொண்டுவந்தது. பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் எனக்குத் தெரியாத மொழிகள்: சீனம், பர்மியம், அரபி. நேற்று ஷாம்பு பாக்கெட் ஒன்று கிடைத்தது. எழுத்து பாதி அழிந்திருந்தாலும் தமிழ் என்று தெரிந்தது. ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் முதலில் சந்தோஷம் வந்தது. அப்புறம் மற்றவர்கள் பார்க்குமுன் பையில் திணித்துக்கொண்டேன்.

பவளத்தைக் காட்டுகிறேன் என்று பக்கத்து வீட்டு ஃபாயிசா என்னைக் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்க்கவைத்தாள். கடலுக்கடியில் பூந்தோட்டம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தது. மெத்தை மெத்தையாக, கிளை கிளையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஆனால் எல்லாம் வெள்ளை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் செத்துக் கிடந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் சூடாகிவிட்டதாம். அவ்வளவுதான் காரணம்.

ஜமாஅத்தில் எல்லோரும் நலமா? போன கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை.

சபீஹா


பீர்க்கன்கரணை
அக்டோபர் 19

சபீஹாவுக்கு,

உன் மேலும் உன் வீட்டார் மேலும் ஸலாம் உண்டாவதாக. கஷாயம் குடிக்கிறேன். பயன் இல்லை, ஆனால் நிகத்துக்குத் திருப்தி.

நீ கடலுக்கடியில் பார்த்ததை எழுதியிருந்தாய். நான் தினமும் பார்ப்பதை எழுதுகிறேன். முடிச்சூருக்கு மேற்கே இருந்த கரடு நினைவிருக்கிறதா? அது இப்போது பள்ளம். அதே அளவு, அதே வடிவம், தலைகீழாக. ஒரு மலையை வேரோடு பிடுங்கி, அது விட்டுப்போன அச்சில் மழைத்தண்ணீரை ஊற்றியதுபோல் கிடக்கிறது. குவாரியை மூடிப் பல மாதமாகிறது. அடியில் தண்ணீர் கரும்பச்சை. பறவைகள் நமக்குக் கீழே பறக்கின்றன.

கல்லூரியில் பாடம் நடத்தி முடித்ததும் அங்கே போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. காவலுக்கு சவுரிமுத்து என்று ஒருவர்.

"இன்னா சார், நெதம் வந்து குழியப் பாத்துகினு கீற? குதிக்கற ஐடியா இருந்தா சொல்லிடு. என் டூட்டி மாறினப்புறம் குதி."

"சும்மா பார்க்கறேம்ப்பா."

"சும்மா பாக்கறவன் சினிமாவுக்குப் போவான். உன்னோட பேஜாரா கீது சார்."

கோபப்பட ஓர் ஆளைத் தேடித்தான் அங்கே போகிறேன். ஒரு முதலாளி, ஒரு அதிகாரி, யாராவது. குத்தகை எடுத்தவரைத் திட்டலாம்தான். ஆனால் அவரிடம் கல் வாங்கியது யார்? கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒவ்வொருவரும் இரண்டு லோடு ஜல்லி கேட்டார்கள். நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். பிள்ளை பிறந்ததும் மாடி எடுக்க இன்னும் இரண்டு லோடு. ஒரு படையெடுப்பு இல்லை, ஒரு பூகம்பம் இல்லை. குடித்தனம் நடத்தியே ஒரு மலையைத் தின்றுவிட்டோம். பெருங்களத்தூர் அடுக்குமாடிகளைப் பார்க்கும்போது வெறுப்பு வரவேண்டும். வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். இவ்வளவையும் செய்வதற்கு நாம் எத்தனை பேர் இருக்க வேண்டும்!

இருட்டுகிறது. நிறுத்துகிறேன்.

அயூப்


பீர்க்கன்கரணை
நவம்பர் 3

சபீஹா கண்ணுக்கு,

அண்ணி நிகத்தின் ஸலாம். எனக்குத் தட்டச்சு வராது. போனில் பேசினால் அது எழுத்தாகிறது, அதை அனுப்புகிறேன். பிழை இருந்தால் போனைத் திட்டு.

ஜமாஅத்தில் எல்லாரும் நலமா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். உங்க அண்ணன் எப்படிச் சொல்வார்? அந்த மாலைக்குப் பிறகு அவர் அந்தப் பள்ளிவாசல் படி ஏறியதே இல்லை. ஜும்ஆவுக்கு பஸ் ஏறித் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போகிறார். பெருநாள் தொழுகையையும் அங்கேயே முடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வருகிறார். பள்ளிவாசல் வாங்கோசை நம் ஜன்னலில்தான் விழுகிறது. அப்போது எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். "கொசு வருது" என்கிறார். பகல் ஒரு மணிக்கு என்ன கொசு?

நான் எழுதியதாகச் சொல்லாதே. சொன்னால் என் போனையும் சாத்திவிடுவார்.

நிகத்


மாலத்தீவு
டிசம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் மேல் நிலவட்டும். தாமதத்துக்குக் காரணம் உண்டு. போன மாதம் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது. புயல் இல்லை, மழை இல்லை, நல்ல வெயில். எங்கோ தூரத்தில் கிளம்பிய அலையாம். சமையலறையில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர் நின்றது. அதில் ஒரு சின்ன மீன் அரிசி டப்பாவைச் சுற்றி வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், விரட்டத் தோன்றவில்லை. அது வழி தவறி வந்ததுபோல் தெரியவில்லை. நாங்கள்தான் அதன் வழியில் இருப்பதுபோல் இருந்தது. இப்போது மணல் மூட்டை அடுக்கியிருக்கிறோம். சுகமாகத்தான் இருக்கிறோம்.

இன்னொன்று. இரண்டு வருடமாக உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று இவர் வாங்கிய சத்தியம். இப்போது இவரே "எழுது" என்கிறார்.

வந்த புதிதில், எஞ்சினில் எண்ணெய் மாற்றுவதற்காக இரவு இஷா தொழுகைக்குப் பிறகு தீவு முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார். நான் கொட்டகை வாசலில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். தற்செயலாக மேலே பார்த்தேன். ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வெள்ளைப் புகை.

"என்னங்க, புகை!"

வெளியே வந்து பார்த்தார். "எஞ்சினை நிறுத்தியாச்சே, எங்கிருந்து வருது?" புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தார், ஆறிக்கிடந்தது. அவ்வளவுதான், "ஃபயர்! ஃபயர்!" என்று தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார். தீவுக்காரர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். எங்கே தீ என்கிறார்கள். இவர் மேலே கையைக் காட்டுகிறார். அவர்களுக்குப் புரியவே இல்லை. கடைசியில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் ஊரில் நட்சத்திரம் கிடையாதா?"

அது பால்வீதி அண்ணா. புகை இல்லை. நட்சத்திரம், மாவு தூவியதுபோல்.

இவர் அன்று எண்ணெய் மாற்றவே இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டாலும் வரவில்லை.

சபீஹா


பீர்க்கன்கரணை
ஜனவரி 17

சபீஹாவுக்கு,

ஸலாம். ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நிகத்தைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். "பால்வீதியை அணைக்கப் போன ஃபோர்மேன்" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை.

இருபத்தெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். சாக்பீஸைப் படுக்கவைத்துக் கரும்பலகையில் தேய்த்து, "இதுதான் பால்வீதி" என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் அதைப் பார்த்ததில்லை சபீஹா. ஒரு நாள்கூட இல்லை. துறைத்தலைவர் நாற்காலியை என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தார்கள், அப்போதுகூட இவ்வளவு எரியவில்லை. வானத்தைப் பற்றி என் வாயை அடைத்த ஆளுக்கு வானம் மொத்தமும் திறந்து காட்டப்பட்டிருக்கிறது. எனக்கு வரவேண்டியதை வேறு விலாசத்தில் கொடுத்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களைப் பார்க்க மேம்பாலத்தில் ஏறி நின்றேன். ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போகும் சிவப்பு விளக்குகளுக்கு முடிவே தெரியவில்லை. நகரவும் இல்லை. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு குடும்பம், ஒரு பை முறுக்கு, தூங்கும் ஒரு குழந்தை. எரிச்சலோடு ஏறியவன், இறங்க மனமில்லாமல் நின்றேன். ஒரு பால்வீதி இருந்த இடத்தில் இன்னொன்றை நாமே செய்து தரையில் போட்டிருக்கிறோம்.

போகியன்று விடிந்ததே தெரியவில்லை. தெருவில் எல்லோரும் கொளுத்தினார்கள். நம் வீட்டுப் பழைய பாயையும் நிகத் கொண்டுபோய்ப் போட்டாள். எதிர்வீட்டு மாடி மறைந்தது, பிறகு எதிர்வீடு மறைந்தது, பிறகு எங்கள் வாசல் விளக்கும் மறைந்தது.

அயூப்


மாலத்தீவு
ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். இருமல் குறைந்ததா? எனக்கும் இப்போது லேசாக இருமல். இங்கே எல்லோருக்கும் இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஒரு வாரமாக வடகிழக்குக் காற்று. ஒரு துண்டு மேகம் இல்லை, ஆனால் இரவில் நட்சத்திரம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது பால்வீதி தெரியவில்லை, பெரிய நட்சத்திரங்கள் மட்டும்தான். சூரியன் மஞ்சளாக, முட்டைக்கரு மாதிரி இறங்குகிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கடல்தான், தொழிற்சாலை இல்லை, ரோடு இல்லை. இது எங்கிருந்து வருகிறது?

இவர் தினமும் மஃரிபுக்குப் பிறகு கரையில் நின்று பார்க்கிறார். நேற்று, "மேகமே இல்லையே சபீஹா, மேகமே இல்லையே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ரமலான் வருகிறது. இந்த வருடம் பிறை பார்க்கப் போவீர்களா? போங்கள் அண்ணா.

சபீஹா


பீர்க்கன்கரணை
பிப்ரவரி 6

சபீஹாவுக்கு,

ஸலாம். உன் இருமலுக்கு நாங்கள்தான் காரணம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் இந்தியா முழுவதன் புகையும் காற்றோடு கடலுக்கு இறங்கி, உங்கள் தீவுகள்வரை வரும். அடுப்புப் புகை, வண்டிப் புகை, வயல் கொளுத்திய புகை, தொழிற்சாலைப் புகை. விஞ்ஞானிகள் உங்கள் பக்கத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இதையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், ஒரு பாராவாக. அது என் தங்கையின் தொண்டைக்குள் போகும் என்று பாடத்தில் இல்லை. நிகத் போட்ட பாயின் ஒரு நூலாவது அதில் இருக்கும். இவ்வளவு தூரம்!

பிறை பார்க்கப் போகமாட்டேன். பார்த்தால் மட்டும் என்ன? மேகம் இருக்காது, "தெளிவான வானம்" என்பார்கள், ஒரு சாட்சி போதாது என்பார்கள். இன்னொரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

அயூப்


பீர்க்கன்கரணை
பிப்ரவரி 19

சபீஹாவுக்கு,

ஸலாம். ரமலான் முபாரக். விடியுமுன் ஸஹர் சாப்பிட்டுவிட்டு, ஃபஜ்ரும் தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

நேற்று அஸருக்குப் பிறகு வாசலில் ஆள் சத்தம். திறந்தால் ஹஜ்ரத், பின்னால் ஜமாஅத்தின் இப்போதைய செயலாளர் அசார், அவனுக்குப் பின்னால் தெருவே நிற்கிறது.

"அயூப் அண்ணா, வாங்க. பிறை பார்க்கப் போகணும்" என்றான் அசார்.

"ஏன், டீக்கடையில கூட்டம் இல்லையா?" என்றேன்.

"அண்ணா, அது தப்பு. பெரிய தப்பு. திட்டிக்கிட்டே வாங்க, நேரமாகுது."

ஹஜ்ரத் என் கையைப் பிடித்தார். "நேத்து உங்க மச்சான் யாசீன் பாய் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினார். தெளிவான வானம்னா என்னன்னு அவர் அங்க போய்த்தான் பார்த்தாராம். அப்புறம் மேகமே இல்லாம அது மறைஞ்சதையும் பார்த்தாராம். 'நம்ம ஊர்ல இருக்கறது தெளிவு இல்ல ஹஜ்ரத். தினமும் இருக்கறதால அது மறைப்பு இல்லன்னு ஆயிடாது. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு'ன்னார். ராத்திரி சட்டக் கிதாபை எடுத்து வச்சு யோசிச்சேன். அவர் சொல்றது சரி. இன்னைக்கு ஒரு சாட்சி போதும். நீங்க பார்த்தா போதும்."

இதை நீ அவரிடம் சொல்லச் சொன்னாயா, அவராகச் சொன்னாரா என்று நான் கேட்கப் போவதில்லை.

போனேன். முப்பது பேருக்குமேல் குவாரிக் கரையில் நின்றோம். சவுரிமுத்து பதறிப்போனார். "இன்னா சார், தனியா குதிக்க பயந்துகினு கூட்டத்தையே இட்டாந்துட்டியா?"

மேற்கைப் பார்த்தோம். சபீஹா, நான் பார்த்ததை எப்படி எழுதுவது? சூரியன் அடிவானத்தைத் தொடவே இல்லை. அடிவானத்துக்கு நாலு விரல் மேலே இருக்கும்போதே சிவந்து, மங்கி, ஓரம் கரைந்து, இல்லாமல் போனது. அடிவானம் அதற்குக் கீழே சும்மா இருந்தது. சூரியனையே விழுங்கும் ஒன்றை நாம் செய்து வைத்திருக்கிறோம். தினமும் அதே வானம்தான், அதே ஆட்கள்தான். மறைப்பு என்று பெயர் வைத்த பிறகு முதல் தடவையாக அதைப் பார்க்கிறார்கள். "யா அல்லாஹ்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அசார் போனை நீட்டினான். "அண்ணா, ஆப்ல பாருங்க, கரெக்டா இங்கதான் காட்டுது."

சவுரிமுத்து எட்டிப் பார்த்தார். "போன்ல கீது. மேல காணோமே."

அப்போது அதே போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டான். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் ஸலாம் சொன்னேன். அது கடமை.

"தெரியுதா மச்சான்?"

எல்லோரும் வானத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அசார் பார்த்தான், ஹஜ்ரத் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் நோன்பு வைக்கும். இந்த ஒரு நிமிடத்துக்காக நான் மூன்று வருடம் வயிறு எரிந்திருக்கிறேன். அந்தப் பழுப்புக்குள் ஒரு கோடு இருப்பதுபோலவும் இருந்தது. கண்ணை மூடித் திறந்தேன், வேறு இடத்தில் இருந்தது. இன்னொரு முறை மூடித் திறந்தேன். எங்கேயும் இல்லை. பிறை அங்கேதான் இருக்க வேண்டும். கணக்குப்படி, ஆப்பின்படி, நான் நடத்தும் பாடத்தின்படி, நம் புகைக்குப் பின்னால் அது இருந்தே தீரவேண்டும். ஆனால் சாட்சி என்பது கணக்கு அல்லவே.

"இல்ல" என்றேன். "நான் பார்க்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹஜ்ரத் என் தோளில் கை வைத்தார், அப்படியே நடந்து வந்தோம். வேறு ஊரில் பார்த்ததாகப் பின்னால் செய்தி வந்தது, அறிவிப்பும் வந்தது. இரவு தராவீஹ் தொழ நம் பள்ளிவாசலுக்குள் போனேன். செருப்பு அலமாரியை இடம் மாற்றியிருக்கிறார்கள். கையில் செருப்போடு கொஞ்ச நேரம் முழித்தேன்.

நீங்கள் பார்த்தீர்களா? எப்படி இருந்தது? விவரமாக எழுது.

அயூப்


மாலத்தீவு
பிப்ரவரி 21

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலத்துக்கும் நிகத் அக்காவின் உடல்நலத்துக்கும் துஆ செய்கிறோம். சபீஹா எழுதத்தான் உட்கார்ந்தாள். நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எனக்கு எழுத வராது. ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று திரும்பி மூன்று நாளாக இங்கே வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. என் எஞ்சினும் புகைதானே விடுகிறது என்று, பிறை பார்க்கும் அன்று மஃரிப் நேரத்துக்கு அதை நிறுத்தி வைத்தேன். முதலில் வெள்ளிக்கம்பியின் ஒரு முனைதான் தெரிந்தது. பிறகு முழு வளைவும். அதற்குள் நிலாவின் மற்ற பாகமும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது, முழு வட்டமாக. கடலில் அதன் வெளிச்சம் விழுந்தது, அவ்வளவு மெல்லிய பிறைக்கு! குழந்தைகள், படகுக்காரர்கள், அடுப்படியில் இருந்த பெண்கள், எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்ததால் சாட்சி சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை. நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களையெல்லாம் சபீஹா படிக்கக் கேட்டிருக்கிறேன். வானத்தைப் பற்றி ஹஜ்ரத்திடம் பேசியது அதனால்தான். ஆனால் அப்போதும், நீங்கள் அன்று பார்த்தது பிறைதானா என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று நாளைக்கு முன் போனில் நீங்கள் "இல்ல" என்றது என் காதில் விழுந்தது. ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஆமாம் என்றால் போதும் என்று தெரிந்தும், இல்லை என்றீர்கள். அன்று பார்த்ததாகச் சொன்னவரும் இதே ஆள்தான். நீங்கள் பார்த்தீர்கள் மச்சான். ஊர் ஒரு நாள் நோன்பை விட்டது என்னால்தான்.

ஹஜ்ரத்திடம் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோரும் எழுந்து போவதற்கு முன்னால், என் பெயரைச் சொல்லி இதை அறிவிப்பார். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்,
யாசீன்